இழைத்த பெட்டி

பையைக்கூடக் கீழே வைக்காமல் வீட்டின் பின்பக்கம் போனவள் தேன்பெட்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். உள்ளே இருக்க வேண்டிய தேனீக்கள் வெளியே இருந்தன. வாசல் துளைக்குக் கீழே ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, சாமியார் தாடி மாதிரி கொத்தாகத் தொங்கின. வெயில் காலமென்றால் புழுக்கம் தாங்காமல் வந்திருக்கின்றன என்று விட்டுவிடலாம். இப்போதோ காற்றில் ஈரம் ஏறியிருந்தது. வானம் எந்த நேரமும் கொட்டிவிடும் போலிருந்தது. இன்னும் கிட்டே போனாள். மூக்கில் அடித்தது வார்னிஷ் வாடை.

"என்னங்க பண்ணினீங்க?"

அவள் புருஷன் பட்டறை வாசலில் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். மரச்சாமான் கம்பெனியில் மேஸ்திரியாக இருந்தவர். வேலையை விட்ட பிறகும் அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவர் மேஸ்திரிதான்.

"வந்ததும் வராததுமா ஆரம்பிச்சுட்டியா? ஆபரேஷன் முடிஞ்சு உங்க அக்கா எப்படி இருக்காங்க, அதைச் சொல்லு முதல்ல."

"பொழைச்சுக்கிட்டா. பெட்டியை என்ன பண்ணினீங்க?"

"என்ன பண்ணினேன், நல்லாத்தான் வச்சிருக்கேன். திறந்து பாரு, முகம் தெரியும்."

முகம் தெரியும் என்றதும் அவளுக்குப் புரிந்துபோயிற்று.

போன மழைக்காலத்தில் அவள் வளர்த்த கூட்டங்களில் ஒன்றைத் தவிர மற்றவையெல்லாம் அழிந்திருந்தன. உண்ணி ஏறி, சிறகு சுருங்கிப்போய், தேனீக்கள் பறக்க முடியாமல் தரையில் ஊர்ந்தே செத்தன. காலையில் எழுந்ததும் அவற்றைப் பெருக்கி அள்ளுவதுதான் முதல் வேலை. நோய் ஒட்டியிருக்கும் என்று பெட்டிகளையும் போட்டுக் கொளுத்தினாள். எல்லாம் அவர் செய்தவை. அவை எரியும்போது மனிதர் வெளியே தலைகாட்டவில்லை. பிழைத்த அந்த ஒரு கூட்டம் அவர் செய்த பெட்டியில் தங்காமல் வெளியேறியிருந்தது. பட்டறைக்குப் பின்னால் கிடந்த ஒரு பழைய பேக்கிங் பெட்டிக்குள் தானாகக் குடியேறியிருந்தது. டார்ச் அடித்து உள்ளே பார்த்தாள். இழைக்காத பலகை. அதன் சொரசொரப்பு முழுக்கச் சிவந்த பிசின். மரத்து மொட்டுகளிலிருந்து சுமந்து வந்து பூசியிருந்தன. நோய்க்கு அவை தாங்களே போட்டுக்கொள்ளும் மருந்து அது. மேஸ்திரி இழைத்த சுவர்களில் அந்தப் பிசின் ஒரு பொட்டுகூட இருந்ததில்லை. பிடிப்பு இருந்தால்தானே பூசும்?

அதனால் புதுப்பெட்டி கேட்டாள். உண்ணி கீழே உதிர்ந்து விழ அடியில் கம்பிவலை, குளவி நுழையாதபடி சின்ன வாசல் எல்லாவற்றையும் அவள் சொல்லி வாய் மூடுமுன் செய்து கொடுத்தார். உட்சுவரை ரம்பத்தால் கீறிவிடுங்கள் என்றதற்குத்தான் ஒரு வாரம் பேச்சுவார்த்தை நின்றது. கடைசியில் கீறினார், பெற்ற பிள்ளைக்கு ஊசி போடுகிறவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு. அக்காவைப் பார்க்க அவள் கிளம்பும்போது, கூட்டம் குடிமாறிய அந்தப் பெட்டியின் மூலை முடுக்கெல்லாம் பிசினால் சிவந்திருந்தது. இந்த மழையை இவை தாண்டிவிடும் என்ற நம்பிக்கையோடுதான் பஸ் ஏறினாள்.

"கம்பெனி முதலாளி வந்திருந்தார்," என்றார் மேஸ்திரி, டம்ளரைப் பார்த்துக்கொண்டே. "தேன்பெட்டி செய்யறீங்களாமே, காட்டுங்கன்னார். மூடியைத் திறந்தேன். எலி பிறாண்டின மாதிரி கீறல், அதுமேல அழுக்கு. 'கை நடுங்க ஆரம்பிச்சுடுச்சா மேஸ்திரி'ன்னு சிரிக்கிறார்."

"பொண்டாட்டி கேட்டா, அதனால கீறினேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"பொண்டாட்டி பேச்சைக் கேட்டு வேலையைக் கெடுத்தேன்னு சொல்லச் சொல்றியா? அவர்கிட்டயா?"

அவள் பையைக் கீழே வைத்தாள்.

"தேனடைச் சட்டத்தையெல்லாம் எடுத்து வெளிய வச்சு, சுரண்டி, இழைச்சு, ரெண்டு கோட்டிங் வார்னிஷ் அடிச்சேன். எத்தனை கொட்டு வாங்கினேன் தெரியுமா? பாரு கையை."

கை வீங்கித்தான் இருந்தது. மோதிர விரலில் மோதிரம் புதைந்திருந்தது. பார்த்ததும் வந்த இரக்கத்தை அவள் அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

"சுத்தமா வச்சா அது ஒரு குத்தமா?"

"சுத்தம் எனக்கா பண்ணினீங்க? உங்க முதலாளிக்குப் பண்ணினீங்க."

மூடியைத் தூக்கினாள். அடைகளில் குஞ்சுப் புழுக்கள் இருந்தன. அவற்றை மூடிச் சூடு கொடுக்க விரல்விட்டு எண்ணுமளவு தேனீக்களே மிச்சம். ராணி ஓர் ஓரத்தில் ஒண்டிக்கொண்டிருந்தாள். மழை பிடித்துக்கொண்டால் வெளியே தொங்குகிறவை நனைந்து சாகும். உள்ளே இருப்பவை குளிரில் சாகும்.

"வார்னிஷை மறைச்சு உள்ளே அடிக்க, பட்டறையில இழைக்காத பலகை இருக்கா?"

"என் பட்டறையிலயா?" அந்த நேரத்திலும் அவர் குரலில் ஒரு நிமிர்வு இருந்தது.

"சரி. பீரோவுக்கு முதுகுப்பலகை இழைப்பீங்களா?"

"அதை எதுக்கு இழைக்கணும்? சுவத்தைப் பாத்து நிக்கிறது. யாரு பாக்கப் போறாங்க?"

"இதுக்குள்ள மட்டும் யாரு பாக்கப் போறாங்க?"

அவள் பட்டறைக்குள் போய்ச் சுத்தியலையும் நெம்புகோலையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாள்.

படுக்கையறையில் கல்யாணத்துக்கு அவர் செய்த பீரோ. வருகிறவர்கள் யாராக இருந்தாலும் அதன் கதவை ஒருமுறை தடவிப் பார்க்காமல் போனதில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளிச் சுவரிலிருந்து திருப்பினாள். முதுகெல்லாம் ரம்பத்தின் வரிவரியான தடம், நூலாம்படை, யாரும் பார்க்காத மரம். உள்ளங்கையை வைத்தாள். எத்தனையோ வருஷமாகத் துடைத்து வந்த பீரோ; இந்தப் பக்கத்தை இப்போதுதான் தொடுகிறாள். சிலாம்பு குத்தியது.

"ஏய், அது நம்ம கல்யாண பீரோடி." அவர் நிலைப்படியில் நின்றார்.

"பயப்படாதீங்க. நாலு பலகை போதும். முன்னாலேருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது."

நெம்புகோலை இடுக்கில் செருகி அழுத்தினாள். மரம் முனகியது.

"மேலேருந்து நெம்பாத, பிளந்துடும். கீழேருந்து எடு," என்றார் அவர். சொன்னாரே தவிர, நிலைப்படியைத் தாண்டி வரவில்லை.

வெளியே தகரக் கூரையில் முதல் துளிகள் விழத் தொடங்கின. அவள் கீழேயிருந்து நெம்பினாள். ஆணி கிறீச்சிட்டுக் கழன்றது. பலகை கையோடு வந்த இடைவெளியில் ஜன்னல் வெளிச்சம் பீரோவுக்குள் புகுந்து, வரிசையாகத் தொங்கிய அவருடைய இஸ்திரிச் சட்டைகளின் முதுகில் விழுந்தது.