வீங்காத கை

நான் இழுக்காவிட்டால் பஷீர் பாய் லாரிக்கு அடியில் போயிருப்பார். ஊசி போட்ட மறுநாள் காட்டிவிட்டு ராயபுரம் கண் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்ததும், துறைமுகத்துக்குத் திரும்பும் கன்டெய்னர் லாரியைக் கவனிக்காமல் ரோட்டில் காலை வைத்துவிட்டார். மேல்கையைப் பற்றி இழுத்தேன். முனகிக்கொண்டு பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். சட்டைக் கையை விலக்கினேன். முந்தின நாள் ஊசி போட்ட இடம் எலுமிச்சம்பழம் போலக் கெட்டியாக வீங்கி, தொட்டால் சுட்டது.

என் கையில் வீக்கம் ஒன்றுமில்லை. மூன்று ஊசிக்கும் ஒன்றுமில்லை.

வரிசையாகச் சொன்னால்தான் புரியும். எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு கண் ஏற்கெனவே போய்விட்டது. விழித்திரைக்கு அடியில் வேண்டாத ரத்தக்குழாய்கள் முளைத்துக் கசிந்து, பார்வையின் நடுவில் கறுப்பு நின்றுவிட்டது. பாய்க்கு மிஞ்சிய கண்ணும் தூரத்துக்கு மங்கல். மிஞ்சிய கண்ணிலும் அது முளைக்காமல் தடுக்க ஒரு தடுப்பூசி பரிசோதனையில் இருந்தது. சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் உப்புத்தண்ணீர், யாருக்கு எது என்று சொல்லமாட்டோம் என்று டாக்டர் விளக்கித்தான் சேர்த்துக்கொண்டார். மருந்தென்றால் காய்ச்சலும் வீக்கமும் வரலாம் என்றார்.

எனக்கு வராததால் உப்புத்தண்ணீர்தானோ என்று முதல் ஊசியிலேயே சந்தேகம். தண்டையார்பேட்டையில் என் மளிகைக் கடைக்கு எதிரே பாயின் கோணிப்பைக் கடை. போய்க் கேட்டேன். தனக்கும் ஒன்றும் ஆகவில்லை, நம் இரண்டு பேர் உடம்பும் இரும்பு என்று சிரித்தார். தினமும் காலையில் கெட்ட கண்ணைப் பொத்திக்கொண்டு ஜன்னல் கம்பி நேராகத் தெரிகிறதா என்று பார்ப்பேன். வளைந்து தெரிந்தால் அதுதான் முதல் அறிகுறி. அதையும் கேலி பேசியே நிறுத்தவைத்தார். நர்சம்மா எங்களைத் தனித்தனியாகத்தான் உள்ளே கூப்பிடுவார். அங்கே பாய் வீக்கத்தை மறைக்காமல் சொல்லியிருக்கிறார் என்று இப்போதுதான் புரிந்தது.

"மூணு தடவையும் வீங்குச்சா பாய்?"

"ஜொரமும் வந்துச்சு அண்ணாச்சி."

"எங்கிட்ட ஏன் வே மறைச்சீரு?"

கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். "சொன்னா நீ நின்னுக்குவ. நீ வராங்காட்டி எனக்கு பஸ் நம்பரு யாரு பாத்துச் சொல்றது? வூட்ல எவன் கூட வர்றான்?"

"அதுக்கு என் கண்ணுதான் கெடச்சுதா?"

வீக்கம் வந்தால்தான் மருந்து என்று டாக்டர் சொல்லவில்லையே என்று முணுமுணுத்தார். அது சரிதான். சரியாயிருந்தால் மறைப்பானேன்?

பஸ் வந்து நின்றது. பாய் எழுந்து, வழக்கம்போல என் தோளோடு சாய்ந்து, "இன்னா நம்பர்?" என்றார்.

நம்பர் எனக்குத் தெரிந்தது. சொல்லவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு கெட்ட கண்ணைப் பொத்திக்கொண்டு பஸ்ஸின் ஜன்னல் கம்பிகளைப் பார்த்தேன். நடுக்கம்பி மட்டும் லேசாக வளைந்திருந்தது. வளைந்தது கம்பியா கண்ணா என்று அடுத்த ஜன்னலைப் பார்ப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.