தெற்கே போன யன்னல்

ஓர்ஸ் ஹில் மேட்டில் சோமசேகரத்தின் வீட்டுக்கு வேலைக்குப் போன முதல் நாளே, எல்லோரும் 'பாஸ்' என்று கூப்பிடுகிற மேசன் றுவைஸுக்கு இரண்டு கட்டளைகள் கிடைத்தன. வீட்டுக்காரர் முன்வாசலில் வைத்துச் சொன்னார்: "பாஸ், இது வெள்ளைக்காரன் காலத்து வீடு. பாத்ரூமைத் திருத்துங்கோ. ஆனா ஒண்டும் மாறக்கூடாது." அவர் மனைவி தங்கரத்தினம் பின்வாசலில் வைத்துச் சொன்னார்: "பாஸ், அவர் சொல்லுறதுக்கெல்லாம் தலையை ஆட்டுங்கோ. ஆனா எல்லாத்தையும் மாத்திப்போடுங்கோ."

றுவைஸ் இரண்டு பேருக்கும் தலையை ஆட்டினார். முன்பு தோணியிலும் இப்போது பாலத்தாலுமாகக் கிண்ணியாவிலிருந்து வந்து முப்பது வருடம் நகரத்து வீடுகளில் கல் வைத்தவர் அவர். புருசனுக்கும் பெண்சாதிக்கும் நடுவில் நின்று சாந்து குழைக்கப் பழகியிருந்தார்.

உண்மையில் தங்கரத்தினத்துக்குப் பாத்ரூமைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. அவருக்கு வேண்டியது குசினி. அந்தக் குசினியின் நல்ல இடம் முழுவதையும், பெரிய புகைக்கூட்டின் கீழே, பழைய விறகு அடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது. இடுப்பைப் பாதியாய் மடித்தால்தான் அதில் பானை வைக்க முடியும். காஸ் அடுப்போ இருட்டு மூலையில், ஆடுகிற மேசை ஒன்றில் கிடந்தது. விறகு அடுப்பை உடைத்து, அந்த இடத்தில் நின்றபடி சமைக்க ஒரு சீமெந்துத் தட்டுக் கட்டவேண்டும் என்று தங்கரத்தினம் பதினொரு வருடமாகக் கேட்கிறார். காஸுக்கு ஊரெல்லாம் வரிசையில் நின்ற வருடத்தில் அந்த அடுப்பை மறுபடி மூட்ட வேண்டி வந்தது. அன்றிலிருந்து சோமசேகரத்துக்கு வாய் நீண்டுவிட்டது.

"பாத்தீரோ, உம்மை உடைக்க விட்டிருந்தா இண்டைக்குப் பட்டினி."

"நீங்கள் ஒருநாள் குனிஞ்சு ஊதிப்போட்டு இதைச் சொல்லியிருந்தா நானும் ஓமெண்டிருப்பன்."

கதை அங்கேயே நின்றது. போன தை மாதம்தான் ஒருவாறு உடன்பாடு வந்தது. முதலில் பாத்ரூம். பழைய வீட்டின் முகம் கெடாமல் அது சரிவந்தால் அடுத்தது குசினி. சரிவராவிட்டால் அடுப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். அதற்குப் பிறகு அந்தக் கதையை எடுக்கக்கூடாது.

றுவைஸுக்கும் குசினி வேலை வேண்டியிருந்தது. பாத்ரூம் என்றால் நாள் முழுக்கக் குந்தியிருக்க வேண்டும். ஐம்பத்தாறு வயது முழங்கால், மாலையில் பாலத்தைக் கடக்கிறபோது சத்தம் போடத் தொடங்கிவிடும். குசினியை நின்றபடி கட்டலாம். மனிதன் நின்று செய்கிற வேலைக்கு ஒரு மரியாதை இருக்கிறது என்று அவர் தன் மனைவி அசனாவிடம் சொல்லிக்கொள்வார். "அப்ப தேங்கா துருவுறதையும் நிண்டு துருவுங்க" என்பார் அசனா.

சோமசேகரம் துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம், இறங்கிய மூட்டையையும் ஏறிய மூட்டையையும் எழுதிய மனிதர். பென்சன் எடுத்த பிறகு எழுதுவதற்கு மூட்டை இல்லாததால் வீட்டை எழுதினார். பாத்ரூமில் மாறக்கூடாதவை என்று ஒரு கொப்பி நிறைய எழுதி றுவைஸிடம் கொடுத்தார். நிலத்தில் பதித்திருக்கும் பூப்போட்ட சீமெந்துக் கற்கள் நூற்று முப்பத்தாறு. ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலால் இலக்கம் போட்டுக் கழற்றி, அதே ஒழுங்கில் திரும்பப் பதிக்க வேண்டும். உயரத்தில் இருக்கும் இரும்புத் தண்ணீர்த் தொட்டியும் அதை இழுக்கிற சங்கிலியும் நிற்க வேண்டும். பித்தளைப் பைப் நிற்க வேண்டும். மேற்குச் சுவரிலுள்ள யன்னலின் முதிரை மரச் சட்டத்தையோ பச்சைக் கண்ணாடியையோ தொடக்கூடாது. உடம்பு துடைக்கிற துவாயைக் கொழுவுகிற கொளுக்கிக்குக்கூட ஒரு வரி ஒதுக்கியிருந்தார்.

றுவைஸ் சுவரைக் காட்டினார். "இந்த வெடிப்பையும் வெச்சிருக்கணுமா ஐயா?"

"அது அஞ்சாம் பக்கத்தில இருக்கு."

வேலை தொடங்கிய நாலாம் நாள் சோமசேகரத்துக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை. ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. தூசி படக்கூடாது என்று டாக்குத்தர் சொன்னதால், கறுப்புக் கண்ணாடியோடு முன் அறையில் பத்து நாள் அடைபட்டுக் கிடந்தார். தங்கரத்தினத்துக்கு நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் மருந்துத் துளி விடுகிற வேலை. காலைக்கடனுக்குக் கிணற்றடியில் இருந்த பழைய கக்கூசு உதவியது. பாத்ரூம் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

றுவைஸ் தன்பாட்டுக்கு வேலை செய்தார். நிலத்துக்குக் கீழே மண்குழாயை மாமரத்து வேர் நெரித்து உடைத்திருந்தது. அதை எடுத்தெறிந்து புதுக்குழாய் போட்டார். பழைய கொமட்டும் வெடித்திருந்தது. புதியதை வைத்தார். இரும்புத் தொட்டியைச் சுரண்டி வர்ணம் பூசி, அதற்கு மேலே மாட்டினார். பிறகு பூக்கற்களை ஒன்றிலிருந்து நூற்று முப்பத்தாறு வரை, ஒரு மூலைகூட உடையாமல், அதே ஒழுங்கில் பதித்தார். தண்ணீர் இனிக் கீழே இறங்காதபடி நல்ல சீமெந்தில் இறுக்கிப் பதித்தார். அந்த வேலையில் அவருக்கே ஒரு பெருமை வந்தது.

சத்திரசிகிச்சை முடிந்த பதினோராம் நாள் சோமசேகரம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கொப்பியோடு வந்தார். தங்கரத்தினம் வாசலில் நின்றார். அவர் மனம் ஏற்கெனவே குசினியில் நின்றது.

"கல்லு?"

"நூத்தி முப்பத்தாறு ஐயா. எண்ணிப் பாருங்க."

எண்ணிப் பார்த்தார். சங்கிலியை இழுத்துப் பார்த்தார். பைப்பைத் திறந்தார், மூடினார். வெடிப்பைத் தடவிப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் கொப்பியில் சரி போட்டார். கடைசியாகக் கொமட்டின் மூடியை இறக்கிவிட்டு அதன் மேல் மெல்ல உட்கார்ந்து நேரே பார்த்தார்.

நேரே சுவர்தான் இருந்தது.

பிறகு எழும்பினார். "வேலை நல்ல வேலை பாஸ்" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "குசினியைப் பிறகு பாப்பம்." கொப்பியை மூடிக்கொண்டு போய்விட்டார்.

றுவைஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னக்கா பிழை? ஒரு கல்லுக்கூட மாறல்லியே."

தங்கரத்தினம் உள்ளே வந்து கொமட்டைப் பார்த்தார், யன்னலைப் பார்த்தார். பிறகு வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியவில்லை.

"பாஸ், இது முந்தி எந்தப் பக்கம் பாத்து இருந்தது?"

"மேற்கு."

"இப்ப?"

"தெற்கு" என்று சொல்லும்போதே றுவைஸ் யன்னலைத் திரும்பிப் பார்த்தார்.

"மேற்கால யன்னல். யன்னலுக்கு வெளியில துறைமுகம். இவர் காலமை உள்ளுக்குப் போனா அரை மணித்தியாலம். வெளியில வரேக்க, 'தங்கம், கோதுமைக் கப்பல் வந்திட்டுது, சீமெந்துக் கப்பல் இன்னும் வெளியில நிக்குது' எண்டு சொல்லிக்கொண்டுதான் வருவார். கலியாணம் கட்டின நாளிலயிருந்து நான் வாசலில துவாயோட நிண்டு கேக்கிற செய்தி இதுதான். கண்ணை வெட்டினதுகூடக் கப்பலின்ர பேர் வாசிக்கத்தான்."

"அத ஏன் ஐயா கொப்பியில எழுதல்ல?"

"துவாய்க் கொளுக்கியை எழுதலாம். இதை எப்பிடி எழுதுறது?"

றுவைஸ் கொமட்டின் மூடியிலேயே உட்கார்ந்துவிட்டார். யாரும் அவரைத் தெற்கே வைக்கச் சொல்லவில்லை. கைதான் வைத்தது. கிண்ணியாவில் அவர் வைத்த எந்தக் கொமட்டும் மேற்கைப் பார்த்து இருக்காது, மேற்குக்கு முதுகு காட்டியும் இருக்காது. தொழுகிற திசைக்குக் கொடுக்கிற மரியாதை அது. அங்கே வீட்டுக்காரர் சொல்லவும் மாட்டார், மேசன் கேட்கவும் மாட்டார். ஊரில் பழகிய பழக்கத்தில், இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கை யோசிக்கவில்லை.

அதைத் தங்கரத்தினத்திடம் சொன்னார். "பிழை என்ட பிழைதான் அக்கா. நாளைக்கே திருப்பி வெச்சித் தாரன்."

"திருப்பலாமோ?"

றுவைஸ் குனிந்து நிலத்தைத் தட்டிப் பார்த்தார். திருப்புவதென்றால் குழாய் போகிற வழியெல்லாம் உடைக்க வேண்டும். இறுக்கிப் பதித்த பூக்கல் இனிக் கழன்று வராது, துண்டு துண்டாய்த்தான் வரும். குறைந்தது இருபது கல் போகும். அந்தக் கல்லை இப்போது ஒருவரும் வார்ப்பதில்லை. வேலையை இவ்வளவு நன்றாகச் செய்ததற்காக வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன்னைத் திட்டிக்கொண்டார்.

சோமசேகரத்திடம் கேட்டபோது அவரும் அதையேதான் சொன்னார். "கல்லை உடைக்க ஏலாது. விடுங்கோ பாஸ். நான் சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறன்."

"கழுத்தக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பினா யன்னல் தெரியுமே ஐயா."

"அரை மணித்தியாலம் கழுத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தா பிறகு கழுத்துக்கும் ஒப்பரேசன்."

அடுத்த மூன்று நாளும் சோமசேகரம் காலையில் உள்ளே போய் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தார். செய்தி ஒன்றும் சொல்லவில்லை. மிச்ச நேரத்தைக் குசினி வாசலில் கதிரை போட்டு இருந்து கழித்தார். கறிக்கு உப்புப் போடுகிறதைப் பார்த்தார். மூடியைத் திறந்து வைத்தது ஏன் என்று கேட்டார்.

"பாஸ்" என்றார் தங்கரத்தினம், மிச்சப் பூச்சு வேலையில் நின்ற றுவைஸுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்த சாட்டில். "குசினி கிடைக்காட்டியும் பரவாயில்லை. இந்த மனிசனைத் திரும்ப உள்ளுக்கு அனுப்ப ஏதாவது வழி பாருங்கோ."

அவர் அப்படிச் சொன்னாலும், கண் விறகு அடுப்பின் மேல்தான் இருந்தது.

றுவைஸ் பாத்ரூம் தெற்குச் சுவரின் வெளிப்பக்கம் போய் நின்று பார்த்தார். சரிவு, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தாங்கி, ஒரு ஜாம்பழ மரம். தாங்கிக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு பாய் அகலத்துக்கு நீலத் தண்ணீர். திரும்பி உள்ளே வந்து கொமட்டில் உட்கார்ந்து, தன் கண் உயரத்துக்குச் சுவரில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். சோமசேகரம் தன்னைவிட நாலு விரல் உயரம் என்று நினைவு வந்தது. புள்ளியை அழித்து நாலு விரல் மேலே வைத்தார். பிறகு உளியை எடுத்தார்.

சத்தம் கேட்டு சோமசேகரம் ஓடி வந்தார். "சுவரில என்ன செய்யிறீங்கள்?"

"காத்துக் குழாய் ஒண்டு வைக்கணும் ஐயா. இல்லாட்டி மணக்கும். ஒரு கல்லுத்தான். நாளைக்கு அடைச்சிருவன்."

"காத்துக் குழாயை இவ்வளவு கீழயோ வைக்கிறது?" என்று தங்கரத்தினம் வாசலில் நின்று கேட்டார். றுவைஸ் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை அவர் வந்தபோது பாத்ரூம் கதவு உள்ளே திறாங்கு போட்டிருந்தது. வாசலில் தங்கரத்தினம் துவாயோடு நின்று, பேசவேண்டாம் என்று கையால் காட்டினார். இருபத்தைந்து நிமிடம் கழித்துச் சோமசேகரம் வெளியே வந்தார். வலது கண்ணைச் சுற்றிச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

"பாஸ், அந்த ஓட்டையை இண்டைக்கு அடைக்க வேண்டாம்."

"ஏன் ஐயா?"

"காத்து நல்லா வருது."

அடுத்த நாள், காற்றுக்கு ஒரு கல் போதாது, பக்கத்துக் கல்லையும் எடுத்தால் என்ன என்று கேட்டார். அதற்கு அடுத்த நாள், மேலே ஒன்று. வெள்ளிக்கிழமை றுவைஸ் ஜும்ஆ தொழுதுவிட்டு வர, சோமசேகரம் அளவு நாடாவோடு காத்திருந்தார். மேற்கு யன்னலின் அகலத்தை ஏற்கெனவே அளந்து வைத்திருந்தார்.

"பாஸ், நான் ஒண்டு யோசிச்சனான். அந்த யன்னலைச் சட்டத்தோட அப்பிடியே கழட்டி இஞ்சால வைக்க ஏலுமோ? இஞ்ச எடுக்கிற கல்லால அங்க அடைச்சா, புதுசா ஒரு கல்லுக்கூட வீட்டுக்குள்ள வராது. வீட்டின்ர சாமான் வீட்டுக்குள்ளதானே இருக்குது. அது மாத்தமில்லை."

றுவைஸ் வாயைத் திறக்குமுன் தங்கரத்தினம் குசினியிலிருந்து அகப்பையோடு வந்துவிட்டார். இவ்வளவு கெதியாக அவர் நடந்து றுவைஸ் கண்டதில்லை.

"என்ன சொன்னனீங்கள்? திரும்ப ஒருக்காச் சொல்லுங்கோ."

"யன்னலைப் பற்றிக் கதைச்சனான்."

"இருந்த இடத்தில இருந்து எடுத்து, வசதியான இடத்தில வைக்கிறது மாத்தமில்லை. அப்பிடித்தானே?"

சோமசேகரம் பொறியைக் கண்டுகொண்டார். ஆனால் ஒரு கால் ஏற்கெனவே உள்ளே இருந்தது. "அடுப்பு வேற, யன்னல் வேற தங்கம்."

"ஓம், வேறதான். யன்னலால உங்களுக்குக் கப்பல் தெரியும். அந்த அடுப்பால எனக்குப் புகைதான் தெரியும். அடுப்புக் கல்லை எறிய வேண்டாம். தட்டுக்குக் கீழ அத்திவாரமாப் போடட்டும். வீட்டின்ர சாமான் வீட்டுக்குள்ளயே இருக்கும். காஸ் அடுப்பு மூலையில இருந்து புகைக்கூட்டுக்குக் கீழ வரும். அதுவும் மாத்தமில்லை."

சோமசேகரம் உதவிக்கு றுவைஸைப் பார்த்தார். றுவைஸ் உளியின் முனையை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"யன்னல் வைக்க எத்தினை நாள் பாஸ்?"

"ரெண்டு நாள் ஐயா. ஆனா அக்கா ஓமெண்டு சொல்லணும். அவங்கட துவாயும் அந்த வாசல்லதானே நிக்குது."

அகப்பையிலிருந்து சொதி ஒரு சொட்டு, எழுபத்திரண்டாம் இலக்கக் கல்லில் விழுந்தது. சோமசேகரம் அதைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. அப்போதே றுவைஸுக்குத் தெரிந்துவிட்டது.

"புகைக்கூட்டைத் தொடக்கூடாது" என்றார் சோமசேகரம் கடைசியில்.

"ஆருக்கு வேணும் உங்கட புகைக்கூடு? அது நிக்கட்டும்."

ஞாயிறு பின்னேரம் யன்னல் தெற்குச் சுவரில் ஏறியது. முதிரைச் சட்டத்தில் ஒரு கீறல் இல்லை. பச்சைக் கண்ணாடி, பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்தது போல நின்றது. மேற்குச் சுவரில் அடைத்த இடத்தையும் பழைய சுண்ணாம்புப் பூச்சு மாதிரியே தேய்த்து எடுத்திருந்தார்.

திங்கட்கிழமை விடியக் குசினிக்குப் போனார் றுவைஸ். தங்கரத்தினத்தைச் சுவரோரம் நிற்கச் சொல்லி, முழங்கையை மடிக்கச் சொல்லி, அதற்கு ஒரு சாண் கீழே பென்சிலால் கோடு போட்டார். தங்கரத்தினம் அந்தக் கோட்டை ஒருமுறை கையால் தடவினார். அப்போது பாத்ரூமுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"தங்கம், கப்பலின்ர பேர் தெரியுது. எழுத்தெழுத்தாத் தெரியுது."

"ஆறுதலா வாசிச்சுப்போட்டு வாங்கோ" என்று தங்கரத்தினம் கத்தினார். பிறகு றுவைஸ் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "அவர் வெளியில வர அரை மணித்தியாலமாகும் பாஸ். வந்து பாத்தா மனம் மாறினாலும் மாறிப்போடும். அதுக்குள்ள உடைச்சுப்போடுங்கோ."

றுவைஸ் இரும்பு அலவாங்கை எடுத்தார்.