கார் நிறுத்தத்தில் செவ்வால் குருவி

சகலை புது வீடு கட்டியபோதுகூடக் கண்ணாடிக் கடைக்காரர் மனசார வாழ்த்திவிட்டுத்தான் வந்தார். அவருக்கு வயிறு எரிந்தது செவ்வால் குருவி விஷயத்தில்தான்.

மூக்குக்கண்ணாடி விற்கிற நேரம் போக, மீதி நேரமெல்லாம் அவர் பறவை பார்க்கிறவர். லீவு கிடைத்தால் போதும், பைனாகுலரை மாட்டிக்கொண்டு மலையேறிவிடுவார். செவ்வால் உச்சிப் பாறை இடுக்கில்தான் கூடு கட்டும். அதன் பாட்டைக் கேட்டிருக்கிறார், ஆண் குருவி வாலை உதறுவதைப் பார்த்திருக்கிறார். கூடு மட்டும் கண்ணில் சிக்கவே இல்லை. முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம்.

அவருடைய மைத்துனியைக் கட்டிய பல் டாக்டரோ போன மாதம்தான் கேமரா வாங்கியிருந்தார். கிளினிக் பக்கத்திலிருந்த அடுக்குமாடி கார் நிறுத்தத்தில் வண்டியை விட்டு இறங்கியவர், தலைக்கு மேலே ஒயர் போகும் தகரத் தட்டில் கூட்டைப் பார்த்தார். உள்ளே குஞ்சுகள். சமவெளியில், கொளுத்தும் கோடையில்! படத்தைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டு, இது என்ன குருவி அண்ணே என்று கேட்டிருந்தார். பேர்கூடத் தெரியாத மனுஷனுக்கு!

கண்ணாடிக்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். சந்தேகமே இல்லை. ஆனாலும், கூண்டிலிருந்து தப்பிய குருவியாக இருக்கும், பறவைச் சங்கக் கணக்கில் வராது என்று பதில் போட்டார். சரிங்கண்ணே என்று வந்தது.

"நீங்க தேடிக்கிட்டே இருப்பீங்களே, அது இதானே?" என்றாள் மனைவி.

"அது மாதிரி இருக்கு."

"மாதிரியா, அதேவா?"

அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

மறுநாள் கடையை அங்கே வேலை பார்க்கிற பெண்ணிடம் விட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் கார் நிறுத்தத்துக்குப் போனார். பெட்ரோல் வாடைக்கு நடுவே தூணோரம் நின்றார். பெண் குருவி ஒரு பச்சைப் புழுவோடு வந்து கூட்டில் இறங்கியது. அவருக்கு வந்த சந்தோஷம் வந்த வேகத்திலேயே கசந்தது. எத்தனை பாறை ஏறியிருப்பார்! இவனுக்கு மட்டும் கார் கதவைத் திறந்ததும் காட்சி. படம் பிடித்து, தன் பேரிலேயே பறவைச் சங்கத்துக்கு அனுப்பப் போனார். விரல் அசையாமல் போனின் மேலேயே நின்றது.

"அண்ணே, கூண்டுக் குருவியைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?"

பல் டாக்டர் கார் சாவியோடு நின்றிருந்தார். குரலில் கேலி துளியும் இல்லை. அதுதான் குத்தியது.

"இது மலைக் குருவிதான். தெரிஞ்சேதான் மாத்திச் சொன்னேன்."

"ஏண்ணே?"

"பொறாமை. வேற என்ன?"

டாக்டர் கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ரெண்டு பேர் பேரையும் போட்டு உங்க சங்கத்துக்கு அனுப்பிடலாம்" என்றார்.

அவர் திட்டியிருந்தால்கூடக் கண்ணாடிக்காரர் தாங்கியிருப்பார். "வேணாம், உங்க பேரு மட்டும் போதும்" என்று சொல்லி, எப்படி எழுத வேண்டும் என்று அங்கேயே நின்று சொல்லிக்கொடுத்தார்.

சங்கத்தின் பத்திரிகையில் அட்டைப்படமாகவே வந்தது, டாக்டரின் பேரோடு. அதற்குள் டாக்டருக்குச் சைக்கிள் பைத்தியம் பிடித்து, கேமரா அலமாரிக்குப் போய்விட்டது. குஞ்சுகள் கூட்டில் இருந்தவரை, கண்ணாடிக்காரர்தான் தினமும் கடை திறக்குமுன் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கடைசிக் குஞ்சு தட்டின் விளிம்பில் தடுமாறி, எழும்பி, எதிர்க் கட்டடத்துக்குப் பறந்தபோது அதைப் பார்க்க அவரைத் தவிர யாருமே இல்லை.

வீட்டுக்கு வந்து, குஞ்சு பறந்த கதையை மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். சகலையிடம் மட்டும் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.