இரவல் இடம்

1

ஒரு டிக் போட்டதிலிருந்து வந்த கதை இது. போட்டது நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; பிறகு சொன்னால் ஒளித்து வைத்ததாக நினைப்பீர்கள். ஆனால் ‘நான்’ என்று எழுதினால் பேனா நகரமாட்டேன் என்கிறது. அதனால் ‘சுமைக்காரர்’ என்று எழுதுகிறேன். பேனர் அச்சடிக்கும் கடையில் பிளக்ஸ் சுருள்களைத் தோளில் ஏற்றி இறக்குகிறவர். நாற்பத்தெட்டு வயதில் எழுத்துக் கூட்டக் கற்றவர்.

2

முதல் தொடக்கம்: அன்று மதியம் வானம் இருண்டு, ஏதோ விபரீதம் நடக்கப்போவதை

(அடித்துவிட்டேன். வானத்தில் ஒன்றுமில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது.)

இரண்டாவது தொடக்கம்: எங்கள் கடையின் டிசைனர் பெண் மேஜைக்கு அடியில் தலையை விட்டு ஒயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மேலே திரையில் ஊரின் படம். உயரத்திலிருந்து முந்நூறு துண்டுகளாக எடுத்ததை ஒட்டி, ஒரே படமாக்கியிருந்தாள். புதுப் பேருந்து நிலையத்துச் சுவருக்கு, அறுபதடி நீளம். இரண்டு நாளாக அதைத் தொட்டாலே ஒரே வாசகம்: நினைவகம் போதவில்லை.

(நினைவகம் என்பது வேலை பார்க்கிற மேஜை. டிஸ்க் என்பது குடோன். மேஜையில் கொள்ளாததைக் கம்ப்யூட்டர் குடோனில் ஒரு மூலையைப் பிடித்து இறக்கி வைத்துக்கொள்ளும். அந்த மூலைக்கு எங்கள் கடையில் ‘இரவல் இடம்’ என்று பெயர்.)

அவள் செய்யாத வித்தையில்லை. மற்ற புரோகிராம்களை மூடினாள். தனித்தனி அடுக்காக இருந்த படங்களை ஒன்றாக்கினாள். செய்ததைப் பின்வாங்கும் வசதியை ஐம்பது படியிலிருந்து இரண்டாகக் குறைத்தாள். கடைசியில் மேஜைக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

“அண்ணே, திரையில ஒரு லிஸ்ட் திறந்திருக்கும். இரவல் இடத்துக்கு எத்தனை டிஸ்க் காட்டுதுன்னு படிங்க.”

“ஒண்ணு... ரெண்டு... மூணும்மா. மூணாவதுக்குப் பேரே போடல.”

“வெளியில மாட்டுற டிஸ்க்கா இருக்கும். எல்லாத்துக்கும் டிக் போட்டுருங்க. இப்பதான் படிச்ச மனுசன் ஆயிட்டீங்களே!”

போட்டார். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவள் வெளியே வந்தாள். வெளியில் மாட்டுகிற டிஸ்க் அவள் கையில் இருந்தது. ஒயர் இன்னும் எதிலும் செருகப்படவில்லை.

3

புரோகிராமை மூடித் திறந்தாள். படம் வழுக்கிக்கொண்டு ஓடியது.

இந்த இடத்தில் அவள் பயந்திருக்க வேண்டும் என்று கதை கேட்கிறது. பயமுறுத்தி எழுதியும் பார்த்தேன், பொய்யாக இருந்தது. ‘அப்ப அந்த மூணாவது எதும்மா?’ என்று சுமைக்காரர் கேட்டதற்கு, உண்மையில் அவள் சொன்னது, “ஓடுற வண்டியை எதுக்குண்ணே நிறுத்திப் பாக்கணும்?”

டீ வந்தது. “நான் சர்க்கரை போட்டுக்குவேனா?” என்று கேட்டாள். விளையாட்டு என்று சுமைக்காரர் சிரித்தார்.

பிறகு ஒரு மொட்டைமாடியைப் பெரிதாக்கினாள். “யார் வீடோ, பாவம். பச்சைச் சட்டை காயுது, எடுக்க ஆளில்ல.”

அது அவள் வீடு. குடிவந்த அன்று அவளுடைய பீரோவை அந்தப் படிகளில் முதுகில் ஏற்றியவர் சுமைக்காரர். சட்டை அவள் மகளுடைய பள்ளிச் சீருடை.

நாலு மணிக்குப் போன் அடித்தது. ஸ்பீக்கரில் பேசினாள்.

“அம்மா, ஸ்கூல் விட்டாச்சு. எங்க இருக்க?”

“நம்பர் மாறிப் போச்சு பாப்பா. அம்மா நம்பரைப் பாத்துப் போடு, என்ன?” என்று அன்பாகச் சொல்லிவிட்டு வைத்தாள்.

(அந்த அன்பைத்தான் என்னால் எழுத முடியவில்லை.)

“ஏம்மா, அது உம் பொண்ணு!”

“சும்மா இருங்கண்ணே. எனக்கேது பொண்ணு?”

சுமைக்காரர் லிஸ்ட்டை எட்டிப் பார்த்தார். பேரில்லாத மூன்றாவது டிஸ்க் மட்டும் நிரம்பிக்கொண்டே இருந்தது. அவள் மறந்ததெல்லாம் அங்கேதான் போய் இறங்குகிறது என்று அவருக்குப் பட்டது.

4

கரண்ட் போயிற்று. யுபிஎஸ் கத்த ஆரம்பித்தது. பத்து நிமிடம் தாங்கும், அதற்கு மேல் தாங்காது.

“மூடிர வேண்டியதுதான்,” என்றாள். ‘மூடலாமா? ஆம், இல்லை’ என்று திரை கேட்டது.

“இரும்மா. ஒழுங்கா மூடினா, இரவல் இடத்துல இறக்கி வச்சதை அது என்ன செய்யும்?”

“துடைச்சு எடுத்துரும். அது குப்பைதானே?”

“மூடாம ஒயரைப் பிடுங்கிட்டா?”

“அப்படியே டிஸ்க்ல அனாதையாக் கிடக்கும். எந்தப் புரோகிராமும் அதைத் திறக்காது. படமும் கெட்டுப்போகும். என்னண்ணே, என் வேலைக்கு உலை வைக்கப் பாக்குறீங்களா?”

“டிக்கை எடுத்துட்டா?”

“அடுத்த தடவை திறக்கும்போதுதான் அது செல்லும். மொதல்ல மூடியாகணும்.”

வாசலில் நிழல் விழுந்தது. பச்சைச் சட்டை, முதுகில் பை. “மாமா, அம்மா ஏன் என்னைத் தெரியாத மாதிரி பேசுனாங்க?”

டிசைனர் திரும்பிப் பார்த்தாள். “வா பாப்பா. யாரைத் தேடுற?”

5

முடிவு ஒன்று: சுமைக்காரர் ஒயரைப் பிடுங்கினார். போனதெல்லாம் பத்திரமாக இருக்கிறது, யாரும் திறக்க முடியாத இடத்தில். அந்தப் பிள்ளை தினமும் அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து

(கிழித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: அவள் ‘ஆம்’ என்பதை அமுக்கினாள். படம் சுவருக்குப் போனது, ஊரே பாராட்டியது. அவள் தன் வீட்டு மாடியை அண்ணாந்து பார்த்து, யார் வீடோ என்று

(இதையும்.)

முடிவு மூன்று: இரவல் கொடுத்தது எதுவோ, அதுவே திருப்பித் தந்தது. இதை மூன்று தடவை எழுதினேன். மூன்று தடவையும் என் கையெழுத்து மாதிரியே இல்லை.

ஆகவே பேனாவை இங்கேயே எடுத்துவிட்டேன். அவள் விரல் ‘ஆம்’ மேல் இருக்கிறது. சுமைக்காரர் கை ஒயரில் இருக்கிறது. நான் எழுதாதவரை பத்தாவது நிமிடம் வராது.

ஆனால் நீங்கள் இதை எப்படியும் மூடத்தான் போகிறீர்கள். ஒழுங்காக மூடுவதா, சட்டென்று பிடுங்குவதா என்பது உங்கள் பாடு. அவசரமில்லை. அந்தப் பிள்ளை செருப்பைக் கழற்றி உள்ளே வரலாமா, கூடாதா என்று தெரியாமல் வாசலிலேயே நிற்கிறது.