அவன் பங்குப் பேச்சு

“நீங்க வெளியில உக்காருங்கக்கா. தம்பி மட்டும் உள்ள போகட்டும்” என்றாள் வரவேற்பு மேஜையில் இருந்த பெண். எனக்கு வந்ததே கோபம். பிறந்ததிலிருந்து காது கேட்காதவன், வாய் பேசாதவன். அவனை மட்டும் உள்ளே அனுப்பி இவர்கள் என்ன கிழிக்கப் போகிறார்கள்?

“சைகை மொழி தெரிஞ்சவங்கள இனிமே நாங்களே வரவழைக்கிறோம்க்கா. வீட்டு ஆளுங்கள வச்சுப் பேச வேணாம்னு முடிவு பண்ணியிருக்கோம்.”

“இத்தன மாசமா நாந்தானே எல்லாத்தையும் சொன்னேன். அப்ப மட்டும் வேண்டியிருந்துச்சோ?”

அவள் சிரித்துச் சமாளித்தாள். இந்த மனநல மையத்தில் கொஞ்ச நாளாகவே எதையாவது மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். வாசல் படியை இடித்துவிட்டுச் சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சரிவு கட்டினார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்தி, சுவரில் எண் ஒளிரும் பலகை மாட்டினார்கள். அதையெல்லாம் வாயார மெச்சியவள்தான் நான். என்னை வெளியே உட்கார வைப்பதும் அதே வரிசையில் வரும் என்று கண்டேனா?

தம்பி திரும்பி என்னைப் பார்த்தான். நீ வரவில்லையா என்று கேட்பான் என நினைத்தேன். கேட்கவில்லை. சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்துகொண்டு, சைகை தெரிந்த பெண்ணின் பின்னால் போய்விட்டான். கதவு சாத்திக்கொண்டது.

அச்சகத்தில் புத்தகம் தைக்கிறவன் அவன். எந்திரச் சத்தத்தில் மற்றவர்கள் தலைவலி என்று புலம்பும்போது இவன் பாட்டுக்கு வேலை பார்ப்பான். அப்படிப்பட்டவன் திடீரென்று வேலைக்குப் போவதை நிறுத்தினான். தட்டில் போட்டது போட்டபடி இருந்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். இங்கே இழுத்துக்கொண்டு வந்தது நான்தான். அம்மா இருந்தவரை அவனுக்காக அம்மா பேசினாள். அவளுக்குப் பிறகு வங்கியா, ஆஸ்பத்திரியா, அச்சக முதலாளியா, எல்லா இடத்திலும் நான்தான். பள்ளியில் படித்த சைகைகளை அவனே எனக்குச் சொல்லித் தந்திருந்தான். “உங்க வீட்ல பேச்சப் பங்கு பிரிச்சப்போ அவன் பங்கையும் நீயே சுருட்டிக்கிட்ட” என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். நானும் சிரிப்பேன்.

நானும் உள்ளே போன நாட்களில் டாக்டரம்மா ஒவ்வொரு முறையும் கேட்பார், “ராத்திரி தூங்குறாரா?” அதற்கென்ன, அவன் பக்கம் திரும்பிக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமா? “நல்லாத் தூங்குறான் மேடம். நானே லைட்டப் போட்டுப் பார்க்கிறேனே” என்பேன். எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவன் மின்விசிறியைப் பார்க்கத் தொடங்குவான்.

இப்போது என்ன சொல்லிக்கொண்டிருப்பான்? என்னைப் பற்றி வத்தி வைக்கிறானோ? அதை நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். கதவின் மேல்பாதி வெறும் கண்ணாடி.

வாயால் பேசுகிற மற்றவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கதவைச் சாத்தினால் ஒரு சொல் வெளியே வராது. இவ்வளவு யோசித்தவர்கள் இதை யோசிக்கவில்லை பாருங்கள்! பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தான் தம்பி. அவன் கைகள் எனக்குப் பளிச்சென்று தெரிந்தன. நன்றாக வேண்டும் இவர்களுக்கு என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன். பார்க்காமல் இருக்க நான் என்ன சாமியாரா?

அவன் கைகள் அத்தனை வேகமாகப் போய் நான் பார்த்ததேயில்லை. என்னிடம் எல்லாமே வேணும், வேணாம், சரி, அவ்வளவுதான். பிறகு விரல்களை வாய்க்குப் பக்கத்தில் வைத்துத் திறந்து திறந்து மூடினான். ஓயாமல் பேசுகிறவள். என்னைத்தான் அப்படிக் குறிப்பிடுவான்.

‘அக்கா ராத்திரி வந்து லைட்டப் போட்டுப் பார்ப்பா. நான் கண்ண மூடிக்குவேன். தூங்கி ரொம்ப நாளாச்சு. விடிஞ்சா எதுக்கு எழுந்திரிக்கணும்னு இருக்கு.’

எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்த சைகைப் பெண் ஏதோ கேட்டாள்.

‘அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா அழுவா. அப்புறம் நான்தான் அவளத் தேத்தணும். அவகிட்ட சொல்லிடாதீங்க.’

அடப்பாவி, பக்கத்து அறையிலேயே இருந்துகொண்டு இத்தனை நாளும் தூங்குகிற மாதிரி நடித்தாயா? எழுந்து போய்க் கதவின் கைப்பிடியைப் பிடித்துவிட்டேன். உள்ளே ஓடி அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் தோன்றியது. போனால் என்ன ஆகும் என்றும் தெரிந்தது. நான் அழுவேன். அவன் என்னைத் தேற்றுவான். அதோடு முடிந்தது, இனி யாரிடமும் வாயே திறக்க மாட்டான். கையை எடுத்துவிட்டு மேஜைக்குப் போனேன்.

“பெரிய காகிதம் ஏதாச்சும் இருந்தா குடும்மா. டேப்பும்.”

“எதுக்குக்கா?”

“அந்தக் கண்ணாடிய மறைக்கணும். கதவ மூடிட்டா போதுமா? அவன் பேசுறது அத்தனையும் இங்க தெரியுது.”

அவள் எட்டிப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். பழைய மாதக் காலண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எடுத்து வந்தாள். இரண்டு ஓரமும் நான் பிடித்துக் கண்ணாடிமேல் வைக்கப் போகும்போது தம்பி திரும்பினான். கைகள் அந்தரத்தில் அப்படியே நின்றன. முகம் செத்துப்போனது. பார்த்துவிட்டாயா என்று கண்ணாலேயே கேட்டான். எனக்கு இரண்டு கையிலும் காகிதம். அவனிடம் ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை. தாளை உயர்த்திக் கண்ணாடியோடு அழுத்தினேன். அந்தப் பெண் நான்கு மூலையிலும் டேப் ஒட்டினாள்.

என்னால் உட்கார முடியவில்லை. உள்ளே ஜன்னல் வெளிச்சம் இருந்ததால் அவன் நிழல் தாளில் கலங்கலாக விழுந்திருந்தது. அது அசையவேயில்லை. பேசுடா, பேசித் தொலையேன்டா என்று மனசுக்குள் கத்தினேன். மேஜையில் தொலைபேசி அடித்து ஓய்ந்தது. பிறகு நிழலில் ஒரு கை மெல்ல மேலே வந்தது, அடுத்ததும் அதோடு சேர்ந்துகொண்டது. என்ன சொல்கிறான் என்று தெரியவில்லை.