ஜன்னலில் விட்ட வெள்ளை

லெட்டிஸ் கடைசி ஜன்னலின் திரையையும் இழுத்து இறக்கினாள். தெருவில் ரொட்டிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். யார்க் நகரில் பட்டப்பகலில் ஒரு வீட்டின் முன்திரைகள் எல்லாம் இறங்கியிருந்தால் உள்ளே பிணம் இருக்கிறது என்று அர்த்தம்.

"அப்பா போயிட்டாராம்மா?" என்று வாசலுக்கு வந்தவளைக் கேட்டார்.

"இல்ல. எதிர் வீட்டு மாடியில உட்கார்ந்து வரைஞ்சுக்கிட்டு இருக்கார்."

தொப்பியை மறுபடி மாட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் அவர் நின்றார்.

அவள் அப்பா அம்ப்ரோஸ் தர்கெல் ஆயுசு முழுக்கப் பழைய கட்டடங்களைத்தான் வரைந்தார். அவர் முக்காலி போட்ட இடம் உருப்படாது என்று ஊரில் ஒரு பேச்சு. இடிக்கப்போவதையே தேடிப்போய் வரைகிறார், அப்புறம் இடியாமல் என்ன செய்யும் என்று லெட்டிஸ் சண்டைக்கே போயிருக்கிறாள். ஆனால் ஆற்றங்கரைக் கம்பளிக் கிடங்கை யாரும் இடிக்க நினைக்கவே இல்லை. அவர் வரைந்து முடித்த வாரம் அது தானாகச் சரிந்தது. அதிலிருந்து அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான், நம் வீட்டை மட்டும் வரையாதீர்கள் என்று. அவருக்குப் பிறகு அவளுக்கு இருக்கப்போவது அந்த வீடு மட்டுமே.

இருமலில் ரத்தம் வர ஆரம்பித்ததும் அவர் அதைத்தான் வரைவேன் என்றார். எதிர்வீட்டு சக்டன் அம்மா தன் மாடி ஜன்னலோரம் நாற்காலி போட்டுக்கொடுத்தாள்.

லெட்டிஸ் தெருவைத் தாண்டி அங்கே ஏறிப் போனாள். "உயிரோட இருக்கும்போதே திரையை இறக்கச் சொல்றீங்களே, நல்லாவா இருக்கு?"

"செத்தப்புறம் நான் எப்படிடி வரையறது?" என்று சிரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. படத்தில் வீடு முழுசாக வந்திருந்தது. எல்லா ஜன்னலிலும் திரை. மாடி ஜன்னல் ஒன்றில் மட்டும் தாளின் வெள்ளையை அப்படியே விட்டிருந்தார்.

"ஆளுக்கு இடம். வச்சு முடி."

கட்டடம் அவர் வேலை, ஆள் வைப்பது அவள் வேலை. ஆள் இல்லாவிட்டால் கட்டடத்தின் உயரம் தெரியாது என்பார். ஆள் வைக்காத படத்தில் கையெழுத்தும் போடமாட்டார்.

"அது என் அறைப்பா."

"ஆமா. வேற யாரு இருக்கா அங்க?"

"வைக்கமாட்டேன். முடியாத படமாவே கிடக்கட்டும், வீடாவது மிஞ்சும்."

"இடம்னு விட்டுட்டா யாராவது வந்து நிப்பாங்க லெட்டி." தண்ணீர் கேட்பதுபோலச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

மதியத்துக்குள் போய்விட்டார். வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். இறக்குவதற்குத் திரை எதுவும் பாக்கி இல்லை.

அடக்கத்தன்று காலை லெட்டிஸ் முன்னறையில் சவப்பெட்டியின் பக்கத்தில் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேலே பலகை முனகியது.

"மாடியில யாரும்மா?" என்றாள் சக்டன் அம்மா.

"யாரும் இல்ல."

"நடக்கற மாதிரி இருக்கே."

சுவருக்குள் காரை உதிர்ந்தது. லெட்டிஸ் படத்தைப் பார்த்தாள். வெள்ளை வெள்ளையாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒடுங்கிய தோளோடு யாரோ அதில் நிற்பதுபோலப் பட்டது. அவளுக்குப் பயமாக இருந்தது. செத்துப்போன மனிதரோடு சண்டை போட முடியவில்லையே என்று ஆத்திரமாகவும் இருந்தது. அழுதுவிட்டு, தூரிகையை எடுத்து அந்த வெள்ளையின்மேல் திரையை வரைந்தாள். பிறகு கீழே தெருவில், வீட்டுக்கு முதுகைக் காட்டி, கையில் பையோடு, கறுப்பு உடையில் ஒரு பெண்ணை வைத்தாள். ஓரத்தில் அப்பாவின் பெயரை எழுதினாள்.

"யாரும்மா இது?"

"நான்தான்."

"வீட்டை விட்டுட்டா?"

லெட்டிஸ் பையை எடுத்து வரப் போனாள்.

பெட்டி வாசல் தாண்டியதும் அவளும் பின்னாலேயே இறங்கினாள். கதவைச் சாத்தத் திரும்பிய சக்டன் அம்மாவின் முழங்கையைப் பிடித்து, "விடுங்க, வாங்க" என்றாள். அவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் பின்னால் கதவு சாத்தும் சத்தமும், உள்ளிருந்து தாழ் போடும் சத்தமும் கேட்டன.