கடலுக்குப் போன பதினோரு பேர்

பதினோரு பேர் பாஸ்போர்ட் இல்லாமல் நாட்டை விட்டுப் போயிருந்தார்கள். தலைநகர் தராவாவில் பதிவு அலுவலகத்து மேசையில் அகினெசி அந்தப் பட்டியலை இரண்டு முறை படித்தாள். அத்தனை பேரும் ஆண்கள், அத்தனை பேரும் ஒரே தீவு. நிலை: குடிபெயர்ந்தவர். போன நாடு என்று கேட்டிருந்த கட்டத்தில் மூன்று பேருக்கு 'மேற்கு' என்றும் இரண்டு பேருக்கு 'வடக்கு' என்றும் ஒருவருக்கு 'காற்றோடு' என்றும் மற்றவர்களுக்கு வேறு திசைகளும் இருந்தன.

பிறப்பு இறப்புப் பதிவேட்டைக் கணினிக்கு மாற்றும் வேலை அவளுடையது. கட்டங்களை வரைந்ததும் கேள்விகளை எழுதியதும் அவள்தான். ஒருவர் உயிரோடு இருக்கலாம், இறந்திருக்கலாம், குடிபெயர்ந்திருக்கலாம். இந்த மூன்றுக்கு மேல் வேறொன்று தேவைப்படும் என்று வேலை செய்த இரண்டு வருடத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

வியாழக்கிழமை விமானத்தில் அந்தத் தீவுக்குப் போனாள். தீவு மன்றத்தின் எழுத்தர் பௌரோ மோட்டார் சைக்கிளோடு காத்திருந்தார். வழியெல்லாம் தன் முட்டிவலியைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவர், அலுவலகத்தில் பாய் விரித்து, கள்ளுப்பாகு கலந்த தண்ணீரைக் கையில் கொடுத்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"என்னைத் திட்டத்தானே வந்திருக்கே, தங்கச்சி? குடிச்சிட்டுத் திட்டு."

"திட்டல அண்ணே. இந்தப் பதினோரு பேரும் எங்க போனாங்க?"

"மீன் பிடிக்க."

"எப்ப வருவாங்க?"

"அது தெரிஞ்சா நான் ஏன் மேற்குன்னு போடப்போறேன்?"

பௌரோ பழைய காகிதப் பதிவேட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். மற்ற பக்கங்களெல்லாம் மையில் இருக்க, அந்த ஒரு பக்கம் மட்டும் பென்சிலில் இருந்தது. பெயர், படகு போன நாள், போன திசை. அவ்வளவுதான்.

"இது ஏன் பென்சில்ல?"

"வந்துட்டா அழிக்கணும்ல. இந்தா பாரு, இங்க ஒருத்தன் பேரு இருந்துச்சு. எட்டு மாசம் கழிச்சு மார்ஷல் தீவுலேருந்து வந்து நின்னான். போனப்ப இருந்ததைவிடக் கொழுத்துப்போய் வந்தான். நான் சந்தோஷத்துல அழிச்ச வேகத்துல தாளே ஓட்டையாயிடுச்சு." ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுக் காட்டினார். "உன் கணினியில பென்சில் இல்லையே. செத்தவன்னு போட என் கை வரல. உயிரோட இருக்கான்னு போட்டா, ஓட்டுப் போட வரலையேன்னு நீங்கதான் கேப்பீங்க. நாட்டை விட்டுப் போனவங்கன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. பொய் இல்லையே, போனவங்கதானே?"

அகினெசிக்குச் சிரிப்பு வந்தது. அப்போது வாசலில் ஒரு பெண் குனிந்து உள்ளே வந்ததால் சிரிக்கவில்லை. வந்தவள் ரகேரா. பட்டியலில் ஏழாவது பெயரான கபுட்டாவின் மனைவி. கபுட்டா கடலுக்குப் போய் ஆறு வருடம் ஆகிறது.

ரகேரா சுற்றி வளைக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர்த் தொட்டி கட்ட வந்த பெனியமினாவுக்கு மனைவி இல்லை, இரண்டு சின்னப் பெண்பிள்ளைகள் உண்டு. அந்தப் பிள்ளைகள் ஒரு வருடமாக ரகேரா வீட்டில்தான் சாப்பிடுகின்றன. கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று இருவரும் போதகரிடம் போனார்கள். போதகர் புதிய பதிவேட்டில் பார்த்தார்.

"உன் புருஷன் வெளிநாட்டுல இருக்கார்மா, அவர் இருக்கும்போது எப்படின்னு கேக்கறார். நானும் ஆறு வருஷமா அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன், எந்த நாடுன்னு." அவள் பௌரோவைப் பார்த்தாள். "வடமேற்குன்னு ஒரு நாடு இருக்காம். உங்களுக்குத் தெரியுமாக்கா?"

பௌரோ முட்டியைத் தடவிக்கொண்டார்.

"இப்பவே சரி பண்ணிடலாம்" என்று அகினெசி கைக்கணினியைத் திறந்து, குடிபெயர்ந்தவர் என்பதை இறந்தவர் என்று மாற்றினாள். உடனே திரையில் ஒரு வாக்கியம் வந்தது. அவளே எழுதிய வாக்கியம்: 'என் கணவர் இறந்துவிட்டார் என்று மனைவியாகிய நான் அறிவிக்கிறேன்.' கீழே கைரேகைக்கு ஒரு வட்டம்.

ரகேரா அதை மெதுவாகப் படித்தாள். நீட்டிய கையை மடக்கி மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

"இது என்னால ஆகாது."

"சும்மா ஒரு ரேகைதான்."

"உங்களுக்கு ரேகை. நான் வச்சா, நான் வச்ச நிமிஷத்துலதான் அவர் சாகறார். நான் பார்க்காத சாவை நான் எப்படிச் சொல்றது?" எழுந்து நின்றாள். "இதை வச்சுத்தான் கல்யாணம்னா, கல்யாணம் வேண்டாம். பிள்ளைங்க எப்படியும் சாப்பிட வரும்."

அவள் போன பிறகு அகினெசி சட்டத்தை எடுத்துப் படித்தாள். 'தெரிந்த ஒருவர்' அறிவிக்க வேண்டும் என்றுதான் அதில் இருந்தது. மனைவி என்று எழுதியது அவள். மாதிரிக்கு எடுத்த இறப்புகளெல்லாம் தராவா மருத்துவமனையில் நடந்தவை. அங்கே படுக்கைக்குப் பக்கத்தில் மனைவிதான் இருந்தாள்.

"இங்க யார் சொல்லுவாங்க அண்ணே?"

"படகைக் கடைசியாப் பார்த்தவன். ஊர்க்கூடம் மனேபாவுல எல்லாரும் உக்காந்திருக்கும்போது சொல்லணும். அவன் பார்த்ததைச் சொல்லிட்டா ஊரே ஒத்துக்கும், போதகரும் ஒத்துக்குவார். கபுட்டாவைப் பார்த்தது அவன் அண்ணன் தெபானோ. வடமேற்குன்னு சொன்னதும் அவர்தான். ஆனா மனேபாவுல வந்து இன்னைக்கு வரைக்கும் வாயைத் திறக்கல. அந்தப் பேச்சை எடுத்தா தென்னை மரத்துல ஏறிடுவார்."

"விளையாட்டுக்குச் சொல்றீங்களா?"

"கள்ளு இறக்கறவர்மா. ஏறினா யார் கேக்க முடியும்?"

அன்று சாயங்காலம் போனபோது தெபானோ உண்மையிலேயே மரத்தில்தான் இருந்தார். பௌரோ கீழிருந்து, "தராவாவிலேருந்து ஆள் வந்திருக்கு, மச்சான்" என்று சத்தம் கொடுத்ததும் அவர் இன்னும் இரண்டு மட்டை மேலே போனார். அகினெசி கூப்பிடவில்லை. மரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கைக்கணினியில் வேலையைத் தொடர்ந்தாள். பழைய வாக்கியத்தை எடுத்துவிட்டு, நான்காவது நிலை ஒன்றைச் சேர்த்தாள்: 'கடலுக்குப் போனவர், திரும்பவில்லை.' அதன் கீழே, கடைசியாகப் பார்த்தவர் யார், எங்கே பார்த்தார்.

கள் நிரம்பினால் இறங்கித்தான் ஆகவேண்டும். இறங்கிய தெபானோ, மரத்தடியில் யாரும் எதுவும் கேட்காததைக் கண்டு சிறிது குழம்பினார். தேங்காய்ச் சிரட்டையில் இனிப்புக் கள்ளை ஊற்றி அவளுக்கு நீட்டினார்.

"என்னம்மா எழுதறே?"

அவள் படித்துக் காட்டினாள். அவர் இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

"செத்துட்டான்னு நான் சொல்ல வேண்டாமா?"

"வேண்டாம்."

"பார்த்ததை மட்டும் சொன்னாப் போதுமா?"

"பார்த்தது மட்டும்தான் வேணும்."

அவர் கள்ளுப் போத்தலின் கயிற்றை விரலில் சுற்றி அவிழ்த்துக்கொண்டே நின்றார். "ஞாயித்துக்கிழமை, ஆராதனை முடிஞ்சு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மனேபாவில் ஒவ்வொரு குடும்பமும் தனக்குரிய தூணுக்கு நேராக, சாப்பாட்டுத் தட்டுகளோடு உட்கார்ந்திருந்தது. பெனியமினா வெளியூர்க்காரன் என்பதால் விருந்தாளிகள் பக்கம் இருந்தான். தெபானோ தன் இடத்திலிருந்து எழாமல், தரையைப் பார்த்துப் பேசினார்.

"என் தம்பி படகைத் தள்ளிவிட்டது நான். பவளப்பாறைக்கு நடுவுல பாறைவாசல் வழியா வெளியே போனான். பாய் விரிச்சான். அது வரைக்கும் பார்த்தேன். அதுக்கப்புறம் பார்க்கல. வடமேற்குன்னு சொன்னேன். எல்லாரும் கேட்டீங்க, காத்து அப்படித்தான் இருந்துச்சு, சொல்லிட்டேன். நாலு நாள் ரெண்டு படகு என் வாயை நம்பி வடமேற்குல தேடுச்சு. நான் பார்க்கவே இல்லை. கரையை விட்டுப் போயிட்டேன்."

கிழவர்களில் ஒருவர் இருமினார். அந்த நான்கு நாளும் தேடப் போனவர்களில் இரண்டு பேர் அங்கேதான் இருந்தார்கள்.

பெண்கள் பக்கத்திலிருந்து ரகேரா பேசினாள். அது அவள் பேச வேண்டிய நேரம் இல்லை. கிழவர்கள் பேசிய பிறகுதான் பேச வேண்டும். யாரும் தடுக்கவில்லை.

"எதுக்குப் போனீங்கன்னு சொல்லுங்க மச்சான்."

"சாப்பிட."

"யார் கூப்பிட்டது?"

தெபானோ தரையைப் பார்த்தபடியே மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"நான்தான் கூப்பிட்டேன்" என்றாள் ரகேரா மற்றவர்களைப் பார்த்து. "காலையிலேருந்து வலை கட்டிக்கிட்டு ஒண்ணும் சாப்பிடாம நின்னாரு. ஈரப்பலா சுட்டு வச்சிருக்கேன், சூடு ஆறுது, வாங்கன்னு கத்தினேன். நான் கூப்பிடலைன்னா அவர் நின்னு பார்த்திருப்பாரு. ஆறு வருஷமா என் பேரை அவர் யார்கிட்டயும் சொல்லல. நானும் சொல்லல."

இருமிய கிழவர் மெல்லச் சொன்னார்: "பசிச்சவனைச் சாப்பிடக் கூப்பிட்டது தப்புன்னா, இந்தத் தீவுல ஒருத்தரும் மோட்சத்துக்குப் போக முடியாது." பிறகு தேடப் போன இருவரில் மூத்தவர் எழுந்து, தன் முன்னால் இருந்த மீன் தட்டைக் கொண்டுபோய்த் தெபானோவின் முன்னால் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினார். கடவுள் மன்னிப்பதைக் கண்ணால் பார்க்க முடிவதில்லை. மனிதர்கள் மன்னிக்கும்போது பெரும்பாலும் இப்படி ஒரு தட்டுதான் இடம் மாறுகிறது.

தெபானோ கைக்கணினியில் கட்டை விரலை வைத்தார். கள் இறக்கிக் காய்த்துப்போன விரல். முதல் இரண்டு முறை ரேகை பதியவில்லை. அகினெசி தன் இடுப்பில் சுற்றியிருந்த லாவாலாவாவின் ஓரத்தால் துடைத்துவிட்டாள், மூன்றாவது முறை பதிந்தது. போதகர் எட்டிப் பார்த்துத் திரையைப் படித்து, "அடுத்த மாசம் ரெண்டாவது சனிக்கிழமை" என்று பெனியமினாவிடம் சொன்னார். அவன் ரகேராவைப் பார்த்தான். அவள் தெபானோவின் தட்டில் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை மற்றப் பத்துப் பேரும் புதிய நிலைக்கு மாறினார்கள். 'காற்றோடு' போனவருக்கு என்ன செய்வது என்று பௌரோ கேட்டார். அப்படியே இருக்கட்டும் என்றாள். தராவாவில் மேலதிகாரி அந்தக் கட்டம் எதற்கு என்று கேட்பார். சொல்லிக்கொள்ளலாம்.

வியாழக்கிழமை விமானத்துக்குக் கிளம்பும்போது பௌரோ பழைய பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ரப்பரைத் தேடிக்கொண்டிருந்தார்.

"கபுட்டா பேரை அழிக்கப் போறீங்களா?"

"அதை ஏன் அழிக்கணும்? வந்தாத்தான் அழிக்கணும்." ரப்பர் கிடைத்துவிட்டது. வடமேற்கு என்ற சொல்லை மட்டும், தாள் கிழிந்துவிடாமல் பொறுமையாக அழித்தார். அந்த இடத்தில் பென்சிலால் எழுதினார்: பாறைவாசல் வரை.